70 டன் ஜெர்மன் அசுரன் போடிமெட்டு ஏறுமா? தெரியுமா உங்களுக்கு!

வாளையாறு, கஞ்சிக்கோடு, சித்தூர் பக்கமானாலும் சரி, மறையூர், மூணாறு, பூப்பாறை பக்கமானாலும் சரி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொபைலில் டாங்கி விளையாட்டைத் திறக்கும் பையன்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ‘யாக்ட்டீகர்’ முன்கவசம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். “250 மி.மீ.!” என்று மூச்சுவிடாமல் பதில் வரும். அந்தக் கால் மீட்டர் எஃகு எதைத் தடுத்தது, எதைத் தடுக்க முடியாமல் போனது? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இறக்கிய டாங்கி வேட்டை வண்டிகளின் கவசமும் குண்டு வீச்சும் ஒரு பக்கம். அதில் நம் இந்திய வீரர்களுக்கும், பாலக்காட்டுக் கோட்டைக்கும், நாம் தினமும் கடக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது இன்னொரு பக்கம். படியுங்கள், அசந்துபோவீர்கள்!

1. தலை சுழலாத டாங்கி தெரியுமா?

டாங்கி என்றதும் மேலே சுழலும் கோபுரம்தானே கண்ணில் வரும்? வேட்டை வண்டிக்கு அது கிடையாது! பீரங்கி உடம்போடு உடம்பாகப் பொருத்தப்பட்டிருக்கும். இடம் வலமாகச் சில டிகிரிதான் அசையும். எதிரி பக்கவாட்டில் வந்தால் வண்டியையே திருப்பியாக வேண்டும். பிறகு ஏன் இப்படிச் செய்தார்கள்? கோபுரமும் அதைச் சுழற்றும் வளையமும்தான் டாங்கியிலேயே செலவு பிடிக்கும் பாகங்கள். அவற்றை எடுத்துவிட்டால் அதே அடித்தளத்தில் இன்னும் பெரிய பீரங்கி, இன்னும் தடித்த முன்கவசம், இன்னும் தாழ்ந்த உயரம்! சீக்கிரமும் செய்யலாம், மலிவாகவும் செய்யலாம். காலாட்படைக்குத் துணையாகப் பிறந்து, பிறகு டாங்கி வேட்டைக்கு இறங்கிய ஸ்டுக்-3 வண்டி மட்டும் சுமார் 10,000 தயாரானது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த டைகர்-1 டாங்கி? 1,350 அளவுக்குத்தான்!

2. 80 மி.மீ. தகடு 140 மி.மீ. ஆன வித்தை தெரியுமா?

யாக்ட்பாந்தர் என்ற வேட்டை வண்டியின் முன்தகடு 80 மி.மீ. கனம்தான். ஆனால் நிமிர்ந்து நிற்காமல், செங்குத்திலிருந்து 55 டிகிரி சாய்ந்து கிடக்கும். நேரே வரும் குண்டு அந்தத் தகட்டைக் கோணலாகக் குடைந்துகொண்டு போக வேண்டும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலைப் போட்டுப் பாருங்கள்: குண்டு கடக்க வேண்டிய எஃகு சுமார் 140 மி.மீ.! பல குண்டுகள் துளைக்காமல் வழுக்கிக்கொண்டு மேலே பறந்துவிடும். தகட்டின் கனம் கூடவில்லை, பாதுகாப்பு மட்டும் கூடிவிட்டது. சோவியத் டி-34 டாங்கியிடம் அடிவாங்கிக் கற்ற பாடம் இது.

அதே வண்டியைப் பக்கவாட்டில் பாருங்கள். கவசம் 50 மி.மீ.தான். கூரையோ ஓர் அங்குலத்துக்கு மேல் இல்லை. முகம் மட்டும் கோட்டை, மற்றதெல்லாம் சாதாரண வீடு! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை கூடவே வரப்போகிறது.

3. விமானத்தைச் சுடப் பிறந்த பீரங்கி டாங்கியைச் சுட்ட கதை தெரியுமா?

ஜெர்மனியின் பேர்பெற்ற 88 மி.மீ. பீரங்கி, வானத்தில் பறக்கும் விமானத்தை வீழ்த்துவதற்காகச் செய்தது. உயரப் பறப்பதைத் தொட வேண்டுமானால் குண்டு அசுர வேகத்தில் கிளம்ப வேண்டும் அல்லவா? அந்த வேகம் டாங்கிக்கும் எமனாகிவிட்டது!

இதை நேரில் பார்த்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. 1941 ஜூன் 15. எகிப்தில் ஹல்ஃபாயா கணவாய். 4-வது இந்திய டிவிஷனின் 11-வது பிரிகேட் கணவாயைப் பிடிக்க முன்னேறியது. துணைக்கு பிரிட்டனின் மட்டில்டா டாங்கிகள். 78 மி.மீ. முன்கவசம் கொண்ட மட்டில்டாவை அதுவரை எதிரியின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளால் எளிதில் துளைக்க முடிந்ததில்லை. ஆனால் அன்று, மணலில் குழி தோண்டி, குழாய் மட்டும் வெளியே தெரியும்படி 88-களைப் புதைத்து வைத்திருந்தார்கள் ஜெர்மானியர்கள். கணவாயின் மேல்பக்கமாக வந்த மட்டில்டாக்கள் கிட்டத்தட்ட அத்தனையும் காலி! கீழ்ப்பக்கம் வந்தவை கண்ணிவெடியில் சிக்கின. இதில் இன்னொரு வியப்பு: கணவாயைக் காத்த ஜெர்மன் அதிகாரி வில்ஹெல்ம் பாக், போருக்கு முன் தேவாலயத்தில் பாதிரியார்!

4. 6 மீட்டருக்கு மேல் நீளும் குழாய் தெரியுமா?

அந்த 88-ஐ இன்னும் நீட்டினார்கள். குழாய் நீளம் குழாய் விட்டத்தைப் போல 71 மடங்கு, அதாவது ஆறேகால் மீட்டர்! யாக்ட்பாந்தர், நாஸ்ஹார்ன், ஃபெர்டினாண்ட் மூன்றிலும் இந்தக் குழாய்தான். குண்டு வாயைவிட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு 1,000 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி, 30 டிகிரி சாய்ந்து நிற்கும் 165 மி.மீ. எஃகையும் துளைத்துவிடும். எதிரே வந்த அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் முன்தகடு 51 மி.மீ. சாய்வைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 100-ஐத் தொடாது. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே ஆட்டம் முடிந்தது!

முடிந்ததா? யாக்ட்பாந்தர்கள் 400-க்குச் சற்று மேல்தான் தயாராகின. ஷெர்மன்களோ 49,000-க்கு மேல்! இன்னொன்றும் உண்டு. யாக்ட்பாந்தருக்கு அடித்தளம் கொடுத்த பாந்தர் டாங்கிகளைப் போருக்குப் பின் ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு ராணுவம், சக்கரத்துக்கு விசை கொடுக்கும் கடைசிப் பல்சக்கரங்களின் சராசரி ஆயுள் 150 கி.மீ.தான் என்று அறிக்கை எழுதி வைத்தது. எதிரியைப் பார்க்கும் முன்பே பட்டறைக்குப் போன வண்டிகள் ஏராளம்.

5. எதிரியிடம் பிடித்த பீரங்கியை எதிரி மீதே திருப்பியது தெரியுமா?

1941-ல் சோவியத் யூனியனுக்குள் நுழைந்த ஜெர்மானியர்களிடம் சோவியத்தின் 76.2 மி.மீ. பீரங்கிகள் குவியல் குவியலாகச் சிக்கின. விட்டுவைப்பார்களா? குண்டு நுழையும் அறையைக் கடைந்து அகலமாக்கி, தங்கள் நீளமான தோட்டா பொருந்தும்படி செய்தார்கள். அதைத் தூக்கி ஒரு செக்கோஸ்லோவாகிய டாங்கியின் அடித்தளத்தில் வைத்தார்கள். ரஷ்யக் குழாய், செக் வண்டி, ஜெர்மன் குண்டு! மார்டர்-3 என்று பெயர். 1942-ல் ஜெர்மன் தளபதி ரோம்மலுக்காக ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கும் இவை கப்பலேறின.

கவசம்? மேலே கூரையே கிடையாது. வெயில், மழை, எறிகணைச் சிதறல் எல்லாம் நேராகத் தலையில். நாஸ்ஹார்னும் அப்படியே. உலகின் தலைசிறந்த பீரங்கி, அதைச் சுற்றி 10 மி.மீ. தகடு! அதன் பாதுகாப்பெல்லாம் தூரமும் மறைவும்தான்.

6. சின்னஞ்சிறு ஹெட்ஸருக்குள் நாலு பேர் பட்ட பாடு தெரியுமா?

16 டன் எடையுள்ள வேட்டை வண்டி. உயரம் இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும். முன்தகடு 60 மி.மீ., ஆனால் 60 டிகிரி சாய்வு, ஆக 120 மி.மீ.க்குச் சமம். 75 மி.மீ. பீரங்கி. புதருக்குள் ஒளிந்தால் கண்டுபிடிப்பதே கஷ்டம். சுமார் ஒரே ஆண்டில் 2,800 அளவுக்குச் செய்து தள்ளினார்கள்.

உள்ளே எட்டிப் பாருங்கள். பீரங்கி நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதன் இடப்பக்கம் ஓட்டுநர், அவர் முதுகுக்குப் பின்னால் குறிபார்ப்பவர், அவருக்குப் பின்னால் குண்டு போடுபவர் என்று மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் அந்தப் பீரங்கி வலப்பக்கத்திலிருந்து குண்டு போடுவதற்காக வடிவமைத்தது! குண்டு போடுபவர் பீரங்கியின் மேல் எக்கி, தவறான பக்கத்திலிருந்து திணிக்க வேண்டும். தளபதியோ வலப்பக்கப் பின்மூலையில் தனி ஆள். வலப்பக்கம் என்ன வருகிறது என்று மற்ற மூவருக்கும் தெரியவே தெரியாது. பக்கக் கவசம் வெறும் 20 மி.மீ. அப்படியும் போருக்குப் பின் சுவிட்சர்லாந்து இதே வண்டியை வாங்கிப் பல்லாண்டு வைத்திருந்தது.

7. ரயில் எஞ்சின் போல ஓடிய டாங்கி தெரியுமா?

நம் ரயில்வேயின் டீசல் எஞ்சினில், டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றும், வருகிற மின்சாரத்தில் மோட்டார் ஓடும், மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும். 1943-லேயே இந்த ஏற்பாட்டோடு ஒரு 65 டன் டாங்கி வேட்டை வண்டி வந்துவிட்டது! இரண்டு பெட்ரோல் எஞ்சின், ஜெனரேட்டர், பின்னால் மின்மோட்டார்கள். பெயர் ஃபெர்டினாண்ட். கார்களால் பேர்பெற்ற ஃபெர்டினாண்ட் போர்ஷேதான் இதன் தந்தை. டைகர் டாங்கிக்கான போட்டியில் இவருடைய வடிவம் தோற்றுப்போனது. ஆனால் முடிவு வருமுன்பே அடித்தளங்களைச் செய்து குவித்துவிட்டார்! வீணாக்குவானேன் என்று சுமார் 90 வண்டிகளை வேட்டைக்கு மாற்றினார்கள்.

முன்கவசம்? 100 மி.மீ. தகட்டின் மேல் இன்னொரு 100 மி.மீ. தகட்டை போல்ட் போட்டு முடுக்கினார்கள். மொத்தம் 200! அன்றைய சோவியத் டாங்கி எதுவும் நேருக்கு நேர் துளைக்க முடியாது. 1943 ஜூலை, குர்ஸ்க் சண்டை. அங்கே ஏறக்குறைய 40 ஃபெர்டினாண்டுகள் தொலைந்தன. பெரும்பாலானவற்றின் முன்தகடு துளைபடவே இல்லை! கண்ணிவெடியில் சங்கிலிப் பட்டை அறுந்தது, சக்கரம் பிய்ந்தது, எஞ்சின் தீப்பிடித்தது. 65 டன்னை இழுத்துக்கொண்டு வர ஆள் இல்லை. அருகில் வரும் காலாட்படையை விரட்ட ஒரு இயந்திரத் துப்பாக்கிகூட வண்டியில் வைக்கவில்லை. பிறகுதான் வைத்தார்கள். மிச்சம் இருந்ததில் 11 வண்டிகள் 1944-ல் இத்தாலிக்குப் போயின.

8. கண்ணிவெடி மேல் பாய்ந்து படுத்த தமிழர் தெரியுமா?

கண்ணிவெடி ஜெர்மானியர்களுக்கு மட்டும் எமன் இல்லை. இத்தாலியில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் மலைப்பாதை, ஆற்றங்கரை, வீட்டு வாசல் என்று ஒன்று விடாமல் புதைத்துவிட்டுப் போனார்கள். அதைத் தடவித் தடவி எடுத்தவர்கள் சாப்பர்கள். நம் தென்னிந்திய மாநிலங்களிலிருந்து ஆள் எடுக்கும் மெட்ராஸ் சாப்பர்கள் அந்தப் போர்முனையில் இருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரரான சுபேதார் சுப்ரமணியம் அவர்களில் ஒருவர். 1944 பிப்ரவரியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது ஒன்று வெடிக்கப்போவதைக் கண்டார். சில நொடிதான். கூட இருந்தவர்களைக் காக்க அதன் மேலேயே பாய்ந்து படுத்துவிட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர்தான்!

உலகமே ‘பெங்களூர் டார்பிடோ’ என்று சொல்லும் வெடிகுழாயும் இதே மெட்ராஸ் சாப்பர்கள் வீட்டுப் பிள்ளைதான். 1912-ல் பெங்களூரில் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கினார். முள்வேலிக்கு அடியில் குழாய் குழாயாகச் செருகித் தள்ளி, தூரத்திலிருந்து வெடிக்கவைத்து வழி திறக்கும் கருவி. நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் வழி திறந்ததும் இதை வைத்துத்தான்.

9. டாங்கிக்குப் பூச்சு வேலை நடந்தது தெரியுமா?

1943 கடைசியிலிருந்து ஜெர்மன் டாங்கிகளின் உடம்பெல்லாம் வரிவரியாக ஒரு பூச்சு தெரியும். ‘சிம்மரிட்’ என்று பெயர். பேரியம் சல்பேட், பசை, மரத்தூள், நிறமி எல்லாம் குழைத்துப் பூசியது. எதற்கு? காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகுண்டு ஒட்டாமல் இருக்க! சரி, அப்படிப்பட்ட காந்த வெடிகளைப் பெரிய அளவில் பயன்படுத்தியது யார்? ஜெர்மானியர்களேதான். எதிரிகளும் காப்பியடிப்பார்கள் என்று பயந்து பூசினார்கள். எதிரிகள் அந்தப் பக்கம் அதிகம் போகவே இல்லை. 1944 செப்டம்பரில் பூச்சை நிறுத்திவிட்டார்கள்.

பக்கவாட்டில் தொங்கும் மெல்லிய தகட்டுப் பாவாடையும் அப்படித்தான். ராக்கெட் குண்டுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் தொங்கவிட்டது சோவியத்தின் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிக்குப் பயந்து!

10. யாக்ட்டீகர்: 250 மி.மீ. கதை முழுசாகத் தெரியுமா?

வந்தார் ஐயா நம் கதாநாயகர்! எடை 70 டன்னுக்கு மேல். முன்பக்க அறைத் தகடு 250 மி.மீ. பீரங்கி 128 மி.மீ. ஒரு குண்டு மட்டும் 28 கிலோ. குண்டையும் வெடிமருந்துக் குப்பியையும் தனித்தனியாகத் திணிக்க வேண்டும், அதற்கே இரண்டு ஆள். மொத்தம் ஆறு பேர். போரில் ஓடிய கவச வண்டிகளில் இதைவிடக் கனமானது கிடையாது! எதிரே வந்த எந்த டாங்கியையும் 2 கி.மீ. தொலைவிலிருந்து உடைக்கும்.

எஞ்சின்? 45 டன் யாக்ட்பாந்தருக்கு வைத்த அதே 700 குதிரைசக்தி. 70 டன்னை இழுத்து இழுத்து அது நொந்துபோனது. நீளக் குழாய் ஆட்டத்தில் குறி தவறாமல் இருக்க, வெளியே ஓர் இரும்புத் தாங்கியில் அதைப் பூட்டிவைக்க வேண்டும். சண்டை வந்தால் ஒருவர் வெளியே இறங்கிப் போய் அந்தப் பூட்டைக் கழற்றியாக வேண்டும், எதிரியின் கண் எதிரிலேயே! இந்த வண்டிகள் கொண்ட ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஓட்டோ காரியஸ் போருக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்பில் புலம்பித் தீர்த்திருக்கிறார். ஒரு வண்டியின் தளபதி பதறிப்போய், பின்னோக்கி நகராமல் வண்டியையே திருப்பினாராம். பக்கவாட்டு தெரிந்தது. அடுத்த நிமிடம் ஆறு பேரும் போய்விட்டார்கள். 250 மி.மீ. அப்படியே அங்கேதான் இருந்தது, ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது!

மொத்தம் 100 வண்டிகூடத் தயாராகவில்லை. தொலைந்தவற்றில் பெரும்பங்கு பழுதானவை, பெட்ரோல் தீர்ந்தவை, எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று சொந்த ஆட்களே வெடிவைத்தவை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இதைச் செய்த ஆஸ்திரியாவின் நிபெலுங்கன் ஆலையில், மௌத்ஹவுசன் வதைமுகாமின் கைதிகளைக் கொத்தடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். காரியஸ்? போருக்குப் பின் மருந்துக்கடை வைத்தார். கடையின் பெயர் டைகர் மருந்தகம்!

11. யாக்ட்டீகர் போடிமெட்டு ஏறுமா?

கற்பனைதான், ஆனால் கணக்கு நிஜம். வண்டியின் அகலம் 3.6 மீட்டர். நம் நாட்டுச் சாலை விதிப்படி ஒற்றைத் தடம் 3.75 மீட்டர். எதிரே ஒரு ஜீப் வந்தால் கதை முடிந்தது! குழாயோடு சேர்த்து நீளம் 10.65 மீட்டர். போடியிலிருந்து மேலே ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் 70 டன்னை முன்னும் பின்னும் உருட்டித்தான் திருப்ப வேண்டும். பீரங்கி இடம் வலமாக 10 டிகிரிதான் அசையும், மேல்நோக்கி 15 டிகிரிதான் எழும். மேல் வளைவில் நிற்கிற எதிரியைக் கண்ணால் பார்க்கலாம், சுட முடியாது! அங்கிருப்பவனுக்கோ கீழே மெல்லிய கூரை விரித்து வைத்தது மாதிரி தெரியும்.

பெட்ரோல்? தொட்டி கொள்ளளவு 860 லிட்டர். நல்ல சாலையில் போனால் 120 கி.மீ. அளவுக்கு ஓடும். கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர்! பாலக்காட்டிலிருந்து கோவை போய்த் திரும்பினால் தொட்டி கிட்டத்தட்டக் காலி.

12. நம் பாலங்களின் கணக்கில் ஒரு டாங்கி ஒளிந்திருப்பது தெரியுமா?

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆச்சரியம்! நாட்டின் முக்கியச் சாலைப் பாலங்களை வடிவமைக்கும் பொறியாளர், இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த சுமைக் கணக்கைப் பார்த்தாக வேண்டும். அதில் ‘70ஆர்’ என்று ஒரு வகை. அந்த வகையில் சக்கர வண்டியும் உண்டு, சங்கிலிப் பட்டையில் ஊரும் 70 டன் வண்டியும் உண்டு. பட்டை ஒவ்வொன்றும் தரையில் பதியும் நீளம் 4.57 மீட்டர், அகலம் 84 செ.மீ. டாங்கியேதான், வேறென்ன! வாளையாறு வழியாகக் கொச்சி போகும் 544-வது தேசிய நெடுஞ்சாலையிலும், மூணாறு, போடிமெட்டு வழியாகப் போகும் 85-வது தேசிய நெடுஞ்சாலையிலும் இந்த விதிப்படி கட்டிய பாலத்தை நீங்கள் பைக்கில் கடக்கும்போது, காகிதத்தில் உங்களுக்கு முன்பே ஒரு 70 டன் வண்டி அதன் மேல் ஊர்ந்து போயிருக்கிறது.

ஜெர்மானியர்களுக்கு இந்த வசதி இல்லை. ஐரோப்பாவின் பழைய பாலங்கள் பல அந்த எடையைத் தாங்காதவை. பாலம் பலமில்லை என்றால் சுற்றிப் போக வேண்டும், சுற்றிப் போனால் பெட்ரோல் தீரும், பெட்ரோல் தீர்ந்தால் வெடிவைக்க வேண்டும்.

13. பாலக்காட்டுக் கோட்டையும் இதே பாடத்தைப் படித்தது தெரியுமா?

கோவைக்கும் மலபார் கரைக்கும் இடையிலான வழியைப் பிடித்துவைக்க 1766-ல் ஹைதர் அலி கட்டி எழுப்பிய கோட்டை. தடித்த கருங்கல் மதில், மூலைகளில் கொத்தளம், சுற்றிலும் அகழி. அந்தக் காலத்து முன்கவசம் என்றால் இதுதான்! ஆனாலும் 1768, 1783, 1790 என்று மூன்று முறை ஆங்கிலேயர் கையில் விழுந்தது. 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் முற்றுகையிட்டபோது, அடைமழையில் காவல் தளர்ந்த நேரம் பார்த்து ஒரு படை வாசல்களுக்குள் புகுந்தது. அத்தோடு கோட்டை பணிந்தது. மதில் எவ்வளவு கனம் என்று யாரும் கேட்கவில்லை, வாசல் திறந்திருந்தது!

14. கவசமே இல்லாத டாங்கி வேட்டைக்காரர் தெரியுமா?

ஹல்ஃபாயாவில் பார்த்தோமே 4-வது இந்திய டிவிஷன், அதே டிவிஷன் 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நின்றது. இப்போது பெயர் 4-வது மலைப்படை டிவிஷன். எதிரே பாகிஸ்தானின் அமெரிக்கத் தயாரிப்பு பேட்டன் டாங்கிகள். இந்தியர்கள் என்ன செய்தார்கள்? வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கரும்புக் காட்டுக்குள் பதுங்கினார்கள். சேற்றில் சிக்கிய பேட்டன்கள் பக்கவாட்டைக் காட்டும்வரை பொறுத்திருந்தார்கள். 1941-ல் தங்களுக்கு நடந்ததை இப்போது அவர்கள் எதிரிக்கு நடத்திக் காட்டினார்கள்!

4-வது கிரனேடியர்ஸைச் சேர்ந்த ஹவில்தார் அப்துல் ஹமீதிடம் இருந்தது ஒரு திறந்த ஜீப், அதன் மேல் ஒரு பின்னுதைப்பில்லாப் பீரங்கி. கவசம் பூஜ்யம்! ‘106 மி.மீ.’ என்று பெயர், உண்மையில் விட்டம் 105 மி.மீ.தான். பழைய மாடலின் குண்டோடு குழம்பக் கூடாது என்று பெயரில் ஒன்றைக் கூட்டினார்கள். அதன் குவிவெடிக் குண்டு 400 மி.மீ. எஃகைத் துளைக்கும். யாக்ட்டீகரின் முன்தகட்டையும் சேர்த்துத்தான்! ஒரே சிக்கல்: சுட்டதும் பின்பக்கம் தீயும் புழுதியும் கிளம்பி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சுட வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். அப்படி மாறி மாறிப் பல பேட்டன்களை உடைத்தார் ஹமீத். செப்டம்பர் 10-ல் ஒரு டாங்கிக் குண்டுக்குப் பலியானார். நாடு பரம்வீர் சக்ரா தந்தது.

15. இன்றைய வேட்டை வண்டி எங்கே தாக்கும் தெரியுமா?

இந்தியாவின் இன்றைய டாங்கி வேட்டை வண்டி ‘நமிகா’. நாக் ஏவுகணையைச் சுமக்கும் சங்கிலிப் பட்டை வண்டி. ஏவுகணை 4 கி.மீ. வரை போகும். முகத்தில் மோதாது! மேலே எழும்பி, டாங்கியின் கூரை மேல் வந்து விழும். முன்தகட்டை எத்தனை மில்லிமீட்டர் தடிப்பாக்கினாலும் பிரயோஜனம் இல்லை.

ஆவடியில் தயாராகும் அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியின் எடை 68 டன், ஃபெர்டினாண்டைவிட அதிகம்! ஆனால் எஞ்சின் 1,400 குதிரைசக்தி, யாக்ட்டீகரைப் போல இரண்டு மடங்கு. நம் கஞ்சிக்கோட்டிலும் 2010 முதல் பெமல் ஆலை இயங்குகிறது, பாதுகாப்புத் துறை வாகன வேலைகளோடு. டாங்கியை ஓடவைப்பது அதைச் சுற்றியுள்ள லாரி, எரிபொருள் வண்டி, மீட்பு வண்டி, பாலம் போடும் வண்டி எல்லாம்தான். ஜெர்மானியர்களிடம் 250 மி.மீ. தகடு இருந்தது, இவையெல்லாம் போதுமான அளவு இல்லை.

16. நேரில் பார்க்க வேண்டுமா?

யாக்ட்டீகர் உலகில் மூன்றே மூன்றுதான் மிச்சம்: பிரிட்டனில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, ரஷ்யாவில் ஒன்று. அவ்வளவு தூரம் போக வேண்டாம். முன்பு அகமத்நகர் என்று அழைத்த மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. ஹல்ஃபாயாவில் 88-இடம் சிக்கிய மட்டில்டாவின் வகையையும், ஜெர்மனியின் கவசக் கார் ஒன்றையும், பேட்டனையும் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முன்பக்கம் மட்டும் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கவாட்டைப் பாருங்கள், பின்னால் போய் எஞ்சினைப் பாருங்கள். வீட்டில் யாராவது இனி “250 மி.மீ.!” என்று பெருமை அடித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பின்னால் பெட்ரோல் வண்டி வந்ததா?”